ஒரு நற்சாட்சிப் பத்திரம்

வேறொரு தொழிலில் சில வருஷங்களைக் கழித்துவிட்டு, மனம் அதில் ஒட்டாமல், மிருக வைத்தியமே தமக்கு உரிய வித்தை என்று காலந்தாழ்ந்து உணர்ந்து கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் ஒருவருக்கு, பாடங்களின் கடினத்துக்கும் பணச் செலவுக்கும் முன்னதாகவே எதிர்ப்படும் கவலை ஒன்று உண்டு. ‘இவரை நான் அறிவேன்; இவர் இந்த வேலைக்குத் தக்கவர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க யாரிடம் போவது என்பதே அது. அமெரிக்காவில் இன்று பெரும்பாலான மிருக வைத்தியக் கல்லூரிகள் விண்ணப்பம் செய்பவரிடம் இத்தகைய கடிதங்கள் சிலவற்றைக் கேட்கின்றன. அவற்றுள் ஒன்றாவது தொழில் செய்துவரும் மிருக வைத்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளின் விதி. நேற்றுவரை வகுப்பில் உட்கார்ந்திருந்த இளைஞனுக்கு ஆசிரியர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து வருபவருக்கோ, பாடம் சொன்ன ஆசிரியர் ஓய்வு பெற்றிருப்பார். இல்லாவிட்டால் முகத்தை மறந்திருப்பார். ஆகவே, தொழுவத்திலும் லாயத்திலும் தம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை வாங்கிய ஒரு வைத்தியரின் எழுத்தையே அவர் பெரிதும் நம்பியிருக்க நேர்கிறது.

இப்படி எழுதிக் கொடுப்பதை வெறும் சம்பிரதாயம் என்று கருதுவோர் உண்டு. மிருக வைத்தியத்தின் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தவர்கள் அவ்விதம் கருத மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், இந்தத் தொழிலைத் தோற்றுவித்தவர்களே வேறு தொழில்களிலிருந்து வந்தவர்கள். ஒருவரை அறிந்த மற்றொருவருடைய வாக்கை ஆதாரமாகக் கொண்டே அவர்களும் உள்ளே வந்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கால்நடைகளை வெக்கை நோய் அலையலையாக வந்து வாரிக்கொண்டு போயிற்று. ஏர் மாடும் பால் மாடும் செத்து விழ, உழவர் செய்வதறியாது நின்றனர். அக்காலத்தில் குதிரைக்கு வைத்தியம் செய்தவர்கள் லாடம் அடிப்போர்; மாட்டுக்கு வைத்தியம் செய்தவர்கள் அனுபவம் வாய்ந்த மேய்ப்பர்கள். இந்த நிலையில் மிருக வைத்தியத்துக்கென ஒரு பள்ளி வேண்டும் என்று துணிந்தவர் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தவராகிய குளோத் பூர்ஜலா. அவர் பயின்றது சட்டம். நடத்தி வந்தது குதிரையேற்றப் பயிற்சிக் கழகம். வைத்தியர் குலத்திலோ லாடக்காரர் குலத்திலோ பிறந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய அறிவை நேரில் கண்டிருந்த ஆன்ரி பெர்த்தான் என்பவர் முன்பு லியோனில் அரச அதிகாரியாக இருந்து, பிற்பாடு தேசத்தின் நிதி நிர்வாகத்துக்கே தலைவரானபோது, அந்தப் பழைய பரிச்சயம் பலன் தந்தது. 1761ஆம் ஆண்டு அரசாங்க அனுமதி கிடைத்தது. 1762இல் உலகத்தின் முதல் மிருக வைத்தியப் பள்ளி லியோனில் தொடங்கியது.

அந்தப் பள்ளிக்கு மாணவர்கள் வந்த விதமும் இதே போன்றதுதான். பிரெஞ்சு மாகாணங்கள் தக்கவர்களைத் தேர்ந்து தங்கள் செலவில் அனுப்பின. அயல்நாட்டு அரசர்களும் ஆள் அனுப்பினார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த அபில்கார்ட் மருந்துக் கடையில் தொழில் பயின்றவர். சுவீடனிலிருந்து வந்த பேத்தர் ஹெர்ன்குவிஸ்ட், செடிகொடிகளுக்கெல்லாம் பெயரிட்டு வகுத்த மகா பண்டிதர் லின்னேயஸின் மாணாக்கர். அந்த ஆசிரியரே அவரைப் பொறுக்கி அனுப்பினார். தாவர சாஸ்திரம் கற்பித்த ஒருவர், குதிரையும் மாடும் பற்றிய வித்தைக்குத் தம் சீடனைத் தக்கவன் என்று எப்படி நிதானித்தார்? செடியைப் பார்க்கும் கண்ணையும், பார்த்ததைப் பொய்யின்றிக் குறிக்கும் கையையும் அவர் அறிந்திருந்தார். அவ்வளவு போதுமானதாக இருந்தது. அபில்கார்ட் 1773இல் கோபன்ஹேகனிலும், ஹெர்ன்குவிஸ்ட் 1775இல் ஸ்காரா என்னும் ஊரிலும் பள்ளிகளைத் தாபித்துத் தத்தம் தேசங்களில் இந்த வித்தைக்கு மூலபுருஷர்களானார்கள்.

இங்கிலாந்தில் 1791இல் லண்டன் நகரத்துப் பள்ளி பிறந்தது. அதன் முதல் ஆசிரியர் பிரெஞ்சுக்காரராகிய சேன்பெல் இரண்டே வருஷங்களில் காலமாகிவிட, அவருக்குப் பின் வந்து நாற்பதாண்டுகளுக்கு மேல் அதை ஆண்ட எட்வர்டு கோல்மன், மனிதருக்குச் சிகிச்சை செய்யப் பயின்றவரே அன்றி மிருகங்களுக்கு அல்லர். சில மாதங்கள் படித்துவிட்டுத் தொழிலுக்குக் கிளம்பினவர்களும் அங்கே இருந்தார்கள். இந்தத் தளர்ச்சியை நீக்கித் தொழிலுக்கு ஒரு மதிப்பை உண்டாக்கும் பொருட்டு 1844இல் அரச சாசனம் பெற்று எழுந்ததே ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் என்னும் ஸ்தாபனம். பெயரில் காலேஜ் என்று இருந்தாலும் அது பாடம் சொல்லும் இடமன்று. பரீட்சை நடத்துவதும், தேறியவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும் அதன் அதிகாரம். 1881ஆம் வருஷத்துச் சட்டம் அந்தப் பதிவேட்டில் இல்லாத எவரும் மிருக வைத்தியர் என்ற பட்டத்தைச் சூடிக்கொள்ளலாகாது என்று விதித்தது. வைத்தியம் செய்வதை அது தடுக்கவில்லை. பெயரை மட்டுமே தடுத்தது. இந்த நுட்பமான வேறுபாட்டைப் பின்னால் வரும் கதைக்காக வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சையும் பதிவேடும் நல்லவையே. போலி வைத்தியனிடமிருந்து வாயில்லாப் பிராணியைக் காப்பாற்ற அவற்றைவிட வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிய வீட்டிலே, வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு இல்லாமற்போகும் காலமும் அதனோடு கூடவே வந்துவிட்டது.

அந்தக் கதவைத் தட்டியவர்களுள் அலீன் கஸ்ட் அம்மையாரின் கதையைப் படிக்கும் போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. 1868ஆம் ஆண்டு அயர்லாந்தில் டிப்பரேரி ஊருக்கருகில் ஒரு பிரபு குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் பட்டம் பெற்ற கனவான். தாயார் விக்டோரியா மகாராணியின் அந்தப்புரத்தில் பணி செய்யும் கௌரவம் பெற்றவர். குதிரைகளுக்கும் நாய்களுக்கும் நடுவே வளர்ந்த அந்தப் பெண் தகப்பனாரைச் சிறுவயதிலேயே இழந்தார். வளர்ந்தபின் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்து, தம் மனம் நாடுவது மனிதரின் நோய்ப் படுக்கையை அல்ல என்று தெளிந்து அதை விட்டு விலகினார். 1894இல், தம் இருபத்தாறாவது வயதில், எடின்பரோ நகரத்துப் புது மிருக வைத்தியக் கல்லூரியின் வாயிலை அடைந்தார். குடும்பத்தார் இதை விரும்பவில்லை. அவர்களுடைய பெயருக்கு மாசு வந்ததாக யாரும் பேசக் கூடாது என்று, கஸ்ட் என்ற குலப்பெயரை மறைத்துக் கஸ்டன்ஸ் என்று பதிந்துகொண்டு படித்தார்.

அந்தக் கல்லூரியின் தலைவர் வில்லியம் வில்லியம்ஸ். லாடக்காரரின் மகனாகிய வில்லியம் டிக் என்பவர் அதே நகரில் 1823இல் தொடங்கிய பழைய கல்லூரிக்கு வில்லியம்ஸ் முதலில் தலைமை வகித்து, 1873இல் அதைவிட்டு வெளியேறித் தம்முடையதென ஒரு கல்லூரியைக் கண்டவர். மிருக வைத்தியத்தைப் பற்றி அவர் எழுதிய பெரு நூல்கள் அக்காலத்து மாணவர்களுக்குப் பாட நூல்கள். ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் என்னென்ன பேச்சு எழும் என்பதை அறியாத பேதையல்லர் அவர். அறிந்தே சேர்த்துக்கொண்டார். மாணவியும் அவருடைய நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. பிராணி சாஸ்திரத்தில் தங்கப் பதக்கம் பெற்றார்.

பரீட்சைக் காலம் வந்தபோது, 1897இல், ராயல் காலேஜ் அவரை உள்ளே விட மறுத்தது. அவர் பாடத்தில் குறை இருந்ததென்று அது சொல்லவில்லை. பரீட்சை எழுதிக் குறை காண்பதற்கு அவரை அனுமதித்தால் அல்லவா அப்படிச் சொல்ல முடியும்? எடின்பரோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ராயல் காலேஜின் இருப்பிடம் ஸ்காட்லாந்தில் இல்லை, ஆகவே அதன்மேல் விசாரணை செய்யத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதிகள் கைவிரித்தார்கள். நியாயம் எது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. எல்லை எது என்ற கேள்வியோடு வழக்கு முடிந்தது. லண்டனுக்குச் சென்று மீண்டும் வழக்காட அவர் முற்படவில்லை.

இனி ஒருவர் என்ன செய்வார்? பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். கஸ்ட் அம்மையாரோ, பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, பதிவேட்டில் பெயர் ஏறப்போவதில்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகும், எஞ்சிய பாடங்களை முழுவதும் கற்று முடித்தார். அப்படி முடித்து 1900இல் வெளியே வந்தவருடைய கையில் இருந்த செல்வம், ஆசிரியர் வில்லியம்ஸின் நற்சாட்சி ஒன்றே. அயர்லாந்தில் ராஸ்காமன் பிரதேசத்தில் தொழில் செய்துவந்த வில்லியம் பர்ன் என்ற வைத்தியருக்கு அவரைத் துணையாகச் சேர்த்துக்கொள்ளும்படி வில்லியம்ஸ் பரிந்துரைத்தார். பர்ன் அதை ஏற்றார்.

இந்தச் சிபாரிசின் தன்மையை நாம் சரியாக உணர வேண்டும். சிபாரிசு என்றதும் தகுதியில்லாத ஒருவனுக்குத் தயவினால் இடம் தேடிக் கொடுப்பதையே நினைக்கிறோம். அந்தச் சொல்லுக்கு நம்மிடையே அப்படியொரு களங்கம் ஏறிவிட்டது. இங்கே நடந்தது அதற்கு நேர் எதிரானது. தகுதி முழுவதும் இருந்தது. அதை எடுத்துரைக்க வேண்டிய ஸ்தாபனம் வாய் மூடிக்கொண்டது. அந்த மௌனத்துக்கு ஈடாக, அறுவைக் கூடத்திலும் வகுப்பிலும் மாணவியின் கையைக் கண்ணாரக் கண்டவர் தம் பெயரைப் பணயமாக வைத்து எழுதினார். அவரால் ராயல் காலேஜின் தீர்ப்பை மாற்ற முடியவில்லை. ஆனால், சட்டம் பட்டத்தைத்தான் தடுக்கிறது, வேலையைத் தடுக்கவில்லை என்ற அந்தச் சிறு இடைவெளியில் ஒரு மனுஷியின் வாழ்நாள் முழுவதும் நுழைந்து செல்ல அவருடைய எழுத்து வழி செய்தது. அதே 1900ஆம் ஆண்டிலேயே வில்லியம்ஸ் காலமானார். அவருடைய மரணம் ஒரு வருஷம் முந்தியிருந்தால் அந்தக் கையொப்பம் கிடைத்திராது என்பதை எண்ணும்போது, எவ்வளவு மெல்லிய நூலில் அந்த வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது என்று வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன.

ராஸ்காமன் குடியானவர்களுக்குச் சாசனமும் பதிவேடும் பொருட்டல்ல. கன்று ஈன முடியாமல் துடிக்கும் பசுவின் பக்கத்தில் நடுநிசியில் வந்து நிற்பவர் யார், வந்தவரின் கை என்ன செய்கிறது என்பதே அவர்களுக்குப் பரீட்சை. குதிரைமீதும் வண்டியிலுமாகப் பண்ணை பண்ணையாகச் சென்று அம்மையார் அந்தப் பரீட்சையில் நாள்தோறும் தேறினார். ஆசிரியர் எழுதிய ஒரு நற்சாட்சி, சில வருஷங்களில் ஊர் முழுவதும் வாயால் சொல்லும் நற்சாட்சியாகப் பெருகிற்று.

அது எவ்வளவு பெருகிற்று என்பதற்கு 1905ஆம் ஆண்டு நடந்ததே அத்தாட்சி. பக்கத்துக் கால்வே பிரதேசத்தின் ஆட்சிக் குழு, மிருகங்களின் தொற்றுநோய்களைத் தடுக்கும் சட்டப்படி ஒரு மிருக வைத்திய இன்ஸ்பெக்டரை நியமிக்க வேண்டியிருந்தது. செம்மறியாட்டுச் சொறி, பன்றிக் காய்ச்சல், குதிரைகளைக் கொல்லும் கிளாண்டர்ஸ் முதலிய நோய்கள் எங்கே தலைகாட்டினாலும் சென்று பார்த்து, மந்தையை ஒதுக்கி, அறிக்கை எழுதும் உத்தியோகம் அது. குழுவினர் கஸ்ட் அம்மையாரைத் தேர்ந்தெடுத்தனர். பதிவேட்டில் பெயரில்லாதவர் என்று ஆட்சேபம் எழுந்தது. மேலதிகாரிகள் ஒப்புதல் தர மறுத்தார்கள். மறுபடியும் விளம்பரம் செய்தார்கள். மறுபடியும் குழு அவரையே தேர்ந்தது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ‘மிருக வைத்திய’ என்ற அடைமொழியை நீக்கி வெறும் இன்ஸ்பெக்டர் என்று பெயரிட்டு, மிருக வைத்திய இன்ஸ்பெக்டரின் வேலை அனைத்தையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். பெயரில்லாமல் தொழில் செய்யலாம் என்ற பழைய இடைவெளியே இங்கும் கைகொடுத்தது. ஆனால் இம்முறை ஒரு பேராசிரியர் அல்ல, தங்கள் மாட்டை அவரிடம் ஒப்படைத்துப் பழகிய மக்களின் பிரதிநிதிகள் அவருக்காக நின்றார்கள்.

1910இல் பர்ன் இறந்தார். அவருடைய தொழிலை அம்மையார் தாமே ஏற்று நடத்தினார். முதல் உலக யுத்தம் மூண்டபின், 1915இல், தம் சொந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குச் சென்று, போர்க்களத்துக்கு அனுப்பப்பட்ட குதிரைகளின் துன்பத்தைத் துடைக்கும் பணியில் உதவினார்.

யுத்தம் முடிந்து, 1919ஆம் வருஷத்துக் கடைசியில், பெண் என்ற காரணத்தால் ஒருவரைத் தொழிலிலிருந்து விலக்கலாகாது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் செய்தது. ராயல் காலேஜுக்கு இனி மறுக்க இடமில்லை. அம்மையார் மீண்டும் விண்ணப்பம் செய்தார். இத்தனை ஆண்டுகளாக அவர் செய்த தொழிலையும் யுத்த காலச் சேவையையும் கருதி, முழுப் பரீட்சைகளையும் தொடக்கத்திலிருந்து எழுதச் சொல்லாமல் இறுதிப் பரீட்சையை மட்டும் எழுதும்படி விட்டார்கள். 1922ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி அவருக்குப் பட்டயம் வழங்கப்பட்டது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் முதன்முதல் பதிவு பெற்ற பெண் மிருக வைத்தியர் அவரே. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

அதன்பின் அவர் நெடுங்காலம் தொழில் செய்யவில்லை. 1924இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தின் தெற்கே காட்டோரத்துச் சிற்றூர் ஒன்றில் குடியேறினார். 1937இல் நண்பர்களைக் காணச் சென்ற ஜமெய்க்கா தீவில் உயிர் நீத்தார். லண்டனில் பட்டயத்தை அவர் கையில் கொடுத்த அந்த டிசம்பர் நாளில், அதே வார்த்தையை இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்ட வில்லியம்ஸும், அதைப் படித்து நம்பித் தம் வீட்டுக் கதவைத் திறந்த பர்னும் உயிரோடில்லை.