சொல் கிடைக்காத இடத்தில் ஒரு சீழ்க்கை

சென்ற வாரம் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கை 1967 ஜூனில், மான்டெரி விழா மேடையில் விட்டிருந்தோம். அப்போது அவருக்கு வயது 25. கைவசம் இருந்தது ஆறே மாதம்.

அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கினார். படகுத்துறையில் வேலைவெட்டியில்லாமல் உட்கார்ந்து அலை பார்ப்பவனின் பாட்டு அங்கேதான் துளிர்த்தது. மீதியை மெம்ஃபிஸில் கிடார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பரோடு சேர்ந்து எழுதி முடித்தார். பதிவு நடந்த ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ ஒரு பழைய சினிமா கொட்டகை. தரையின் சரிவுகூட அப்படியே இருந்தது. பாட்டின் கடைசியில் சொல்ல வரி எதுவும் தயாராக இல்லை. ஓட்டிஸ் சீழ்க்கை அடித்தார். முதலாளி ஜிம் ஸ்டூவர்ட்டுக்கோ பாட்டே பிடிக்கவில்லை. தொண்டை கிழியப் பாடும் மனிதர் இப்படி முணுமுணுத்தால் யார் வாங்குவார்கள் என்ற கவலை. வியாபாரியாக அதில் தப்பும் இல்லை.

டிசம்பர் 10. கிளீவ்லண்டிலிருந்து மேடிசனுக்கு ஓட்டிஸை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அவருடைய சொந்த விமானம் மோனோனா ஏரியின் உறைபனித் தண்ணீரில் விழுந்தது. எட்டுப் பேரில் பிழைத்தவர், இருக்கை மெத்தையைப் பற்றிக்கொண்டு மிதந்த டிரம்பெட் கலைஞர் பென் காலி ஒருவர்தான்.

துக்கம் ஆறுமுன்னே கிராப்பர் ஒலிக்கலவை மேசையில் உட்கார வேண்டியிருந்தது. நண்பனின் குரலுக்கு அடியில் அலைச் சத்தத்தையும் கடற்பறவைகளின் கூவலையும் சேர்த்தார். சீழ்க்கையில் கை வைக்கவில்லை. 1968 ஜனவரியில் வந்த தட்டு மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் நின்றது. இறந்த ஒருவரின் பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை.

பிப்ரவரியில் 'தி டாக் ஆஃப் தி பே' ஆல்பமும் கடைக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் அது ஒட்டுத்துணி. கார்லா தாமஸோடு பாடிய 'ட்ராம்ப்' முதல், முந்தைய ஆண்டுகளின் பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து 11 ஆக்கினார்கள். ஆனாலும் பிரிட்டனில் முதலிடம்! அவசரத்தில் தைத்த துணியில் கிராப்பரின் கை தெரிகிறது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

ஒலிநாடாக்கள் இன்னும் மிச்சமிருந்தன. அவற்றிலிருந்து 1970க்குள் மேலும் மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள் வந்தன. ஆனால் அந்த நாடாக்கள் ஒப்பந்தப்படி ஸ்டாக்ஸுக்குச் சொந்தமே இல்லை, அட்லாண்டிக் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற சேதி 1968இல் ஜிம் ஸ்டூவர்ட் தலையில் இடியாக இறங்கியது. அது அடுத்த வாரம்.