சுபாக்

சுபாக் என்பது இந்தோனேசியாவின் பாலித் தீவில் நெல் விளையும் படிவயல்களுக்கு நீர் பங்கிடும் உழவர் அமைப்பு. கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவருவது. ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் உழவர்கள் இதன் உறுப்பினர். தலைவர் ‘பெகாசே’ எனப்படுவார். வாய்க்காலின் குறுக்கே பதித்த மரக்கட்டையில் வெட்டப்பட்ட பள்ளங்களின் அகலம் அவரவர் பங்கை வரையறுக்கும். நடவும் தரிசும் எப்போது என்பது நீர்க்கோயில்களில் முடிவாகும். அடுத்தடுத்த வயல்கள் ஒருசேரத் தரிசாகக் கிடப்பதால் பூச்சிகள் இரையின்றி மடியும். 1970களில் பசுமைப் புரட்சித் திட்டங்கள் இவ்வொழுங்கைப் புறக்கணித்தது பெரும்பிழை. அதனால் நீர்த்தட்டுப்பாடும் புகையான் பூச்சியின் தாக்குதலும் பெருகின. கோயில் நாட்காட்டியின் வேளாண் பயனை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் ஆராய்ந்து நிறுவினார். ஜாத்திலூவி படிவயல்கள் உள்ளிட்ட சுமார் 19,500 ஹெக்டேர் நிலப்பரப்பை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாக் கட்டடங்களால் தீவின் வயல்பரப்பு சுருங்கிவருகிறது.