படத்துக்குக் கண்ணாடி போட்ட கதை

மராட்டியர் காலத் தஞ்சாவூர் ஓவியத்தில் படத்தையும் சட்டத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம். பலாப்பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டி, சுக்கான் மாவைப் பசையில் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். நகையும் மண்டபத் தூணும் புடைப்பாக எழும். அவற்றின்மேல் தங்க ரேக்கு. கனத்த பலகையையும் புடைப்பையும் தாங்க, ஆழமான தேக்குச் சட்டம் வேண்டியிருந்தது. பூசையறைப் படம் என்பதால் விளக்குக் கரியையும் சாம்பிராணிப் புகையையும் தடுக்கக் கண்ணாடியும் வந்தது. அழகுக்காகச் செய்ததில் பாதி, பாதுகாப்புக்கும் உதவியது.

1894-இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியதும் தெய்வப் படம் மலிந்தது. அதற்குக் கண்ணாடி போடும் கடைகளுக்கும் வேலை பெருகியது. சிக்கலும் அங்கேதான். மலிவான தாளைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பின்னால் மெல்லிய பலகைத் துண்டுகளை ஆணியடித்து மூடினார்கள். மரத்திலிருந்து கசியும் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். இரு பலகைகள் சேரும் இடுக்குக்கு நேராக, சாமியின் முகத்தின் குறுக்கே, பழுப்புக் கோடு விழுந்த பழைய படங்கள் இப்படி உண்டானவை.

கடலோர ஈரமும் படத்தைக் கெடுக்கும். மணமேல்குடி, பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைப் புள்ளி படரும். உப்புக்காற்று ஆணியைத் துருவாக்கும்.

வெளிச்சமும் பகைதான். நீர்வண்ணச் சாயங்கள் ஒளியில் வெளிறுவதை ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு ஆங்கிலேயர்கள் 1888-இல் சோதனையால் காட்டினர். பழம்பொருட்களைக் காக்கும் வேலைக்கெனச் சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக்கூடம் அமைந்தது, வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே பணியாற்றினார்.

இன்றைய முறையில் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே அமிலமற்ற அட்டையால் இடைவெளி விடுவார்கள். மாவுப்பசை தடவிய ஜப்பானியத் தாள் துண்டால், மேல்விளிம்பில் மட்டும் படத்தைத் தொங்கவிடுவார்கள். பின்னாளில் ஈரம் காட்டினால் அந்த ஒட்டு கழன்றுவிடும். தஞ்சாவூர்ப் பலகைக்கு வேறு கவனம்: மழையில் உப்பி வெயிலில் சுருங்க இடம் விடாமல் இறுக்கினால் சுக்கான் பூச்சு வெடிக்கும். பழைய தேக்குச் சட்டத்தை வீசிவிட்டுப் பளபளக்கும் புதியதை மாட்டுவதைப் பராமரிப்பு என்பது தவறு. செதுக்கு வேலையும் பின்பக்கத்துக் கடைச் சீட்டும் படத்தின் காலத்தைச் சொல்பவை. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில், பின்னால் தக்கைத் துண்டு வைத்துக் காற்றோட்டம் விட்டு மாட்டினால் பலகையும் தாளும் கூடுதல் காலம் தாங்கும்.