பிழைச்செய்தி பிறந்த கதை

1977 மார்ச் 10. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகம். அங்கிருந்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யுரேனஸ் அந்த நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கப்போகிறது. நட்சத்திரத்தின் ஒளி எப்படி மறைகிறது என்று அளந்தால் கோளைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்பது திட்டம். ஆனால் குறித்த நேரம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சட்டென்று மங்கி, மீண்டும் பழையபடி ஒளிர்ந்தது.

மேகம் கடந்ததா, கருவிக் கோளாறா என்று கேட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய சிறு சரிவு அது. அதை ஆராய்ந்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் மறக்கவில்லை. யுரேனஸுக்கு இன்னொரு துணைக்கோள் இருக்கிறது என்று அதற்குப் பொருள் கொண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே நிகழ்வை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்திலிருந்து பார்த்த ஜேம்ஸ் எலியட் குழுவுக்குக் கோளின் இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் சரிவுகள் கிடைத்தன. துணைக்கோள் இரு பக்கமும் நிற்காது, வளையம் நிற்கும். காவலூரும் தன் முதல் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே ஆண்டு யுரேனஸின் வளையங்களைப் பற்றி எழுதினார்கள்.

நிரல் எழுதக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தக் கதையைத்தான். எதிர்பாராத ஒன்று நடந்தது. எப்போது, எவ்வளவு என்பது பதிவில் இருந்தது. அதனால் தவறாகப் படித்ததைக்கூடத் திருத்திப் படிக்க முடிந்தது. கணினித் திரையில் வருகிற பிழைச்செய்தி செய்வதும் இதே வேலைதான். அந்தச் செய்தி தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொரு சொல்லாக மனிதர்கள் கொண்டுவந்து சேர்த்தது அது.

1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களிலுள்ள தவறுகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று அப்போதே உணர்ந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நிரல் நின்றுவிட்டால் அது ஏன் நின்றது என்று சொல்ல எவரும் இல்லை. அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கில், தவறுகளைக் கண்டறியும் வழிகளைப் பற்றி 1951இல் ஒரு கட்டுரையே எழுதினார். நின்றுபோன நிரலின் நினைவகத்தில் மிஞ்சியிருப்பதை அச்சிட்டுப் பார்க்கும் சிறு நிரல்களுக்கு அங்கே பிரேதப் பரிசோதனை என்றே பெயர். கிடைப்பது எண்கள் மட்டும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை நிரலாளர் தாமே கண்டுபிடிக்க வேண்டும்.

எட்சாக் ஓடத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கழித்து, 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆம்ஸ்டர்டாமில் பைத்தான் மொழியை எழுதத் தொடங்கினார் குய்டோ வான் ராசம். அவர் வேலை பார்த்த சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையத்தில், நிரலாளர் அல்லாதவர்களும் எழுதட்டும் என்று ஏ.பி.சி. என்றொரு மொழியை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள். வரியைத் தள்ளி எழுதுவதாலேயே எது எதற்குள் அடங்கும் என்று காட்டும் வழக்கம் பைத்தானுக்கு அதிலிருந்து வந்தது. 1991 பிப்ரவரியில் பைத்தானின் முதல் பதிப்பு வெளியானபோதே, தவறு நேர்ந்தால் நிரலாளர் அதைப் பிடித்து நிறுத்திக் கையாளும் வசதி அதில் இருந்தது. பிடிக்காமல் விட்டால் டிரேஸ்பேக் வரும். எந்தக் கோப்பில், எந்த வரியில் இருந்து, எந்தெந்தச் செயற்கூறுகள் வழியாக இங்கே வந்து விழுந்தோம் என்ற தடம் அது.

அந்தத் தடத்தின் தலைப்புக்குக்கூட ஒரு கதை உண்டு. பழைய பைத்தானில் அது 'உள்ளே ஆழமாக இருப்பது கடைசியில்' என்ற பொருளில் இருந்தது. எது உள்ளே, எது வெளியே என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? 2000இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது 'கடைசியாக அழைக்கப்பட்டது கடைசியில்' என்று மாறியிருந்தது. சில சொற்கள்தான் மாற்றம். ஆனால் எங்கிருந்து படிக்க வேண்டும் என்பதைச் செய்தியே சொல்லிக்கொடுத்தது. திரையில் ஐம்பது வரி ஓடினாலும், கண்ணெதிரே நிற்பது கடைசி வரி. என்ன பிழை என்பது அங்கே இருக்கும். அங்கிருந்து மேலே ஏறிப்போனால், நாம் எழுதிய கோப்பின் பெயர் எங்கோ தென்படும். பெரும்பாலும் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

இருந்தும் ஒரு குறை வெகுகாலம் நீடித்தது. ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், பைத்தான் அடுத்த வரியைக் காட்டி 'சின்டாக்ஸ் எரர்' என்று மட்டும் சொல்லும். அடுத்த வரியில் குற்றமே இருக்காது. நல்ல வரியை அழித்து அழித்து எழுதிப் பார்த்து, தனக்குத்தான் மூளை போதவில்லை என்று எண்ணி எழுந்துபோன மாணவர்கள் எத்தனை பேர்! அவர்கள் மேல் தவறில்லை. செய்தி தவறான இடத்தைக் காட்டியது.

2020இல் வந்த 3.9 பதிப்பில், மொழியைப் படித்துப் பகுக்கும் இயந்திரத்தையே மாற்றி எழுதினார்கள். எழுதியவர்கள் குய்டோவும், பாப்லோ கலிண்டோ சல்காடோவும், லிசாண்ட்ரோஸ் நிகோலாவும். புதிய இயந்திரம் அமைந்ததும் அடுத்த ஆண்டே 3.10 பதிப்பில் செய்திகள் பேசத் தொடங்கின. அடைப்புக்குறி எந்த வரியில் திறந்ததோ அந்த வரியைக் காட்டி, 'இது மூடப்படவே இல்லை' என்றது பைத்தான். மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால், 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று சரியான பெயரை எடுத்துக்கொடுத்தது. 2022இல் வந்த 3.11, நீளமான ஒரு வரிக்குள் எந்தத் துண்டு உடைந்தது என்பதைக் கீழே கூரைக்குறி போட்டுக் காட்டியது. எட்சாக்கின் எண் குவியலிலிருந்து இந்தக் கூரைக்குறி வரை வர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இனி மலைக்கு வருவோம். தொலைநோக்கிப் படங்கள் பெரும்பாலும் ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவில் சேமிக்கப்படுகின்றன. உலகெங்கும் வானியலாளர்கள் அவற்றை இன்று பைத்தானில் திறக்கிறார்கள். அதற்கான ஆஸ்ட்ரோபை என்ற பொதுத் தொகுப்பு 2011இல் தொடங்கியது. திருப்பத்தூரில் ஒரு கல்லூரி மாணவி அப்படியொரு படத்தைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒளியே படாதபோதும் கேமரா காட்டும் அடிப்படை எண்களைத் தனிப் படமாக எடுத்து, அவளுடைய படத்திலிருந்து கழிக்க வேண்டும். இரண்டு படங்களின் அளவும் பொருந்தாவிட்டால், பைத்தானில் எண் கணக்குகளைச் செய்யும் 'நம்பை' என்ற தொகுப்பு உடனே நிறுத்தி, இரண்டின் அளவையும் அருகருகே எழுதிக் காட்டிவிடும். ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிற சிக்கல் அது.

அளவு பொருந்தினால்தான் ஆபத்து தொடங்குகிறது. கேமரா தரும் எண்கள் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து 65,535 வரை, குறைக்குறி இல்லாதவை. ஒரு புள்ளியில் 998. கழிக்க வேண்டியது 1,000. விடை மைனஸ் 2. ஆனால் அந்த வகை எண்ணில் மைனஸுக்கு இடமில்லை. கணக்கு பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு 65,534 என்று நிற்கும். இருண்ட வானம் முழுக்கப் பொய் நட்சத்திரங்கள் தெறிக்கும். டிரேஸ்பேக் வராது, ஒரு வரி எச்சரிக்கைகூட வராது. கழிப்பதற்கு முன் எண்களைத் தசம வகைக்கு மாற்றிவிட்டால் போதும். ஆனால் மாற்ற வேண்டும் என்று யார் சொல்வது?

இன்னொன்றும் அப்படித்தான். ஃபிட்ஸ் புள்ளிகளை ஒன்றிலிருந்து எண்ணும், கிடை அச்சை முதலில் சொல்லும். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும், நம்பை நெடு அச்சை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்தால் வேறொரு நட்சத்திரத்தின் ஒளியை அளந்து தரும். அதையும் சத்தமில்லாமல் தரும்.

நாமாக வாயை அடைக்காத வரை பிழை மௌனமாகக் கடந்துபோகக் கூடாது என்ற கருத்தைப் பைத்தானின் கொள்கைகளில் ஒன்றாக 1999இல் டிம் பீட்டர்ஸ் எழுதிவைத்தார். அதை நாமே எத்தனை முறை மீறுகிறோம்! சிவப்பு எழுத்துகளைப் பார்க்கப் பிடிக்காமல், எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று இரண்டு வரி எழுதி மூடிவிடுகிறோம். எழுபது ஆண்டுகளில் சேர்ந்த அறிவை நம் கையாலேயே ஊமையாக்கிவிட்டு, நிரல் ஓடிவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம்.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொல்வது இதுதான். பத்து வரி சிவப்பாக வந்தால் ஜன்னலை மூடாதே, அம்மா. கடைசி வரியை முழுதாகப் படி. பிறகு உன் கோப்பின் பெயர் வரும்வரை மேலே போ. பெரிய படம் வேண்டாம். நான்கு புள்ளிகளை மட்டும் எடுத்து, காகிதத்தில் கழித்துப் பார்த்து, திரையோடு ஒப்பிடு. உனக்குத் தோன்றும் முதல் காரணத்தையும் சந்தேகப்படு. செய்தி எதுவுமே வராத நாளில் இதையெல்லாம் இரண்டு மடங்கு செய். உன் கணினியிலிருந்து சில மலைவளைவுகள் தள்ளி, காவலூரில் ஒரு சிறு சரிவைத் துணைக்கோள் என்று படித்தவர்கள், அதை எறிந்துவிடாமல் வைத்திருந்ததால்தான் வளையத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.