ஒலிபெருக்கி வந்த வரலாறு

திருக்கோட்டியூர்த் திருக்கோயிலின் மேலேறி நின்று, தம் ஆசாரியரிடம் அரிதிற் பெற்ற திருமந்திரப் பொருளைக் கூடியிருந்தார் அனைவரும் கேட்க உடையவர் வெளியிட்டருளினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. தாம் ஒருவர் நரகம் புகினும் பலர் உய்வர் என்பதே அப்பெருந்தகையின் திருவுள்ளம். உயர்ந்த இடமும் உரத்த குரலுமே அந்நாளைய ஒலிபெருக்கி எனலாம். நற்சொல் பலர் செவியிலும் விழ வேண்டும் என்னும் அவ்வேட்கையே இன்று நம் திருக்கோயில்களில் மின்கருவியாக வடிவெடுத்து நிற்கிறது. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் 1915-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் குரலைப் பெருக்கும் கருவியை அமைத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் மாலை சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டம் அதன் ஒலியைக் கேட்டு வியந்தது. 1919-இல் குடியரசுத் தலைவர் வில்சன் சான்டியாகோ நகரில் அக்கருவியின் துணையாற் பேசினார். 1925-இல் ரைஸ், கெல்லாக் என்போர் இயங்குசுருள் ஒலிபெருக்கியைத் திருத்தமுற அமைத்தனர். நம் நாட்டிலோ, 1930-களில் காங்கிரஸ் மகாசபைக் கூட்டங்களில் சிகாகோ ரேடியோ நிறுவனத்தாரின் ஒலிபெருக்கிகள் தலைவர்களின் மொழிகளை மக்கட் கடலின் கரைவரை கொண்டு சென்றன. சென்னை மாகாணத்தில் 1932-இல் பைகாராவிலிருந்து மின்சாரம் பெருகத் தொடங்கிற்று. பின்னர்ச் சிற்றூர்களுக்கும் மின்கம்பி வந்தது. அதனோடு மைக்கும் குழாய் ஒலிபெருக்கியும் திருவிழாக்களில் இடம் பெற்றன.

போளூரில் சம்பத்கிரியின்மேல் இலட்சுமி நரசிம்மப் பெருமான் எழுந்தருளியிருக்கிறார். மேலே சந்நிதி, கீழே ஊர், இடையே படிவழி. இத்தகைய தலத்தில் கும்பாபிஷேகம் நிகழுங்கால், மேலே கலசத்தில் புனித நீர் சேரும் கணத்தை அடிவாரத்து மூதாட்டியும் அறிந்து கைகூப்ப வேண்டாமா? கருவியை மேலே வைத்துக் கம்பியைக் கீழே இழுத்தால் முடிந்தது என்று எண்ணலாம். ஆயின் அங்கேதான் இடர் தோன்றுகிறது.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். 4 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கிக்கு 100 வாட் ஆற்றலை நேரே அளிக்க 20 வோல்ட் அழுத்தத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அவ்வொலிபெருக்கியை 200 மீட்டர் தொலைவில் வைத்து, 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியால் இணைத்தால், போக வர 400 மீட்டர் கம்பியின் தடையே ஏறத்தாழ 4½ ஓம் ஆகிறது. செல்லும் ஆற்றலில் பாதிக்கு மேல் கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகும். ஒலிபெருக்கிக்குக் கிட்டுவது 20 வாட்டுக்குச் சற்று மேல், அவ்வளவே.

இதற்குரிய மருந்தை மின்சார விநியோகத்தார் முன்னரே கண்டிருந்தனர். 1886-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி என்பார் டிரான்ஸ்பார்மர் கொண்டு அழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஊரருகே தாழ்த்தி விளக்கேற்றிக் காட்டினார். அழுத்தம் உயர மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் ஐந்தில் ஒன்றானால் கம்பியின் இழப்பு இருபத்தைந்தில் ஒன்றாகும். அவ்வழியே ஒலிபெருக்கியிலும் கைக்கொள்ளப்பட்டது. ஆம்பிளிபையரின் வாயிலில் ஒரு டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தை 100 வோல்ட் அளவுக்கு உயர்த்தும். ஒவ்வோர் ஒலிபெருக்கியின் அருகிலும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் அதனைத் தாழ்த்தித் தரும். முன்னர்க் கூறிய அதே கம்பியில் இப்போது இழப்பு 4 வாட் அளவே. 90 வாட்டுக்கு மேல் ஒலியாகிறது. அமெரிக்காவில் 70 வோல்ட் முறை வழங்குகிறது. நம் நாட்டில் 100 வோல்ட் முறையே பெருவழக்கு.

இம்முறைக்கு மற்றுமொரு சிறப்புண்டு. ஒரு கால்வாயிற் பல மடைகள் திறப்பதுபோல் ஒரே கம்பியிற் பல ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பாகச் சேர்க்கலாம். ஒவ்வொன்றும் 5 வாட், 10 வாட் எனத் தனக்குரிய பங்கைப் பெறும். பங்குகளின் கூட்டுத்தொகை ஆம்பிளிபையரின் ஆற்றலை மிஞ்சலாகாது. இஃது ஒன்றே கணக்கு. ஒரு மடை அடைபட்டாலும் பிற மடைகள் பாயும். ஆனால் இரு கம்பிகளும் ஓரிடத்திற் தொட்டுக்கொண்டால் முழு வரிசையும் ஊமையாகும். 100 வோல்ட் விளையாட்டன்று. மழையில் நனைந்த படியில், தோல் உரிந்த கம்பி உயிருக்கே ஊறு விளைக்கும். விழாப் பந்தலில் அன்பர்கள் இதனை மறக்கலாகாது.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். 100 மீட்டர் தள்ளியுள்ள பெருங்குழாயின் ஒலி, அருகிலுள்ள குழாயின் ஒலிக்குப் பின் 0.3 நொடி தாழ்ந்து வந்து சொல்லின்மேற் சொல் விழச் செய்யும், மந்திரம் இரைச்சலாகிவிடும். பேரொலி எழுப்பும் ஒரு குழாயினும், படிதோறும் மெல்லொலி தரும் சிறு ஒலிபெருக்கிகளே சொல்லைத் தெளிவாகச் சேர்க்கும். அதற்கு இயைந்ததே இந்த 100 வோல்ட் முறை.

தெளிவு வேறு, ஆரவாரம் வேறு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடுக்கின்றன. அவ்வாண்டே சென்னையில் எழுந்த ஒரு வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. நோயுற்றோர் துயிலும் இல்லமும், மாணவர் பயிலும் அறையும் ஆண்டவன் சந்நிதியின் அயலிலேயே உள்ளன அல்லவா?

பிரகலாதன் உரத்துக் கூவினான் அல்லன். தூணிலும் உளன் என்று தெளியச் சொன்னான். அச்சொல்லை மெய்யாக்கத் தூண் பிளந்து பெருமான் தோன்றினான். நம் ஒலிபெருக்கியும் கேட்க வேண்டியவர் செவியிற் தெளிவாகச் சென்று, வேண்டாதார் துயிலைக் கெடாது அமைவதாகுக. அதற்கு நரசிம்மப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக!