பயங்கரவாதத் தாக்குதலுக்கான பொதுமக்கள் ஆயத்தம்

பயங்கரவாதத் தாக்குதலுக்கான பொதுமக்கள் ஆயத்தம் என்பது, இத்தகைய தாக்குதலுக்கு முன்னரும் அது நிகழும்போதும் அதன் பின்னரும் உயிரிழப்பைக் குறைக்கப் பொதுமக்கள் செய்யக்கூடியவற்றைக் குறிக்கும். காவல்துறையும் மீட்புப் படையும் வந்து சேரும் வரை அங்கிருப்போரே செயற்பட வேண்டியிருப்பதால் இது முக்கியத்துவம் பெறுகிறது.

தமிழ்நாட்டு நிகழ்வுகள்

1984 ஆகத்து 2 அன்று சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், உரிமையாளர் இன்றி விடப்பட்ட பயணப்பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து சுமார் 30 பேர் இறந்தனர். தொலைபேசி வழியாக முன்னெச்சரிக்கை வந்திருந்தும் பெட்டிகள் உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை. 1998 பெப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 2014 மே 1 அன்று சென்னை சென்ட்ரல் நிலையத்தில் நின்றிருந்த குவகாத்தி விரைவுத் தொடருந்தில் குண்டுகள் வெடித்து ஒரு பெண் இறந்தார்.

எச்சரிக்கை கிடைப்பது மட்டும் போதாது, அதன்படி யாரேனும் உடனே செயற்பட வேண்டும் என்பதே மீனம்பாக்கம் நிகழ்வு தரும் பாடமாகும்.

அத்திப்பட்டுச் சூழல்

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திப்பட்டைச் சுற்றி வடசென்னை அனல்மின் நிலையம், காமராசர் துறைமுகம், எரிபொருள் சேமிப்பு நிலையங்கள் ஆகியன அமைந்துள்ளன. சென்னை - கும்மிடிப்பூண்டி புறநகர் இருப்புப்பாதையும் இவ்வூர் வழியே செல்கிறது. இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன.

முதலாவது, கடல்வழி. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியோர் கடல் வழியாகவே வந்தனர். அவர்கள் கரையிறங்கியதை முதலில் கண்டவர்களுள் மீனவர்களும் இருந்தனர். இதன் பின்னர் கடலோரப் பாதுகாப்பில் மீனவரின் பங்கு வலியுறுத்தப்பட்டது. ஊடுருவல் போன்ற சூழலை உருவாக்கிப் பார்க்கும் 'சாகர் கவச்' ஒத்திகைகள் தமிழகக் கடற்கரையிலும் நடத்தப்படுகின்றன.

இரண்டாவது, தொழிற்சாலை ஆபத்து. எரிவாயுவோ வேதிப்பொருளோ கசிந்தால், அதற்குக் காரணம் விபத்தா தாக்குதலா என்பது அருகில் வசிப்போரைப் பொறுத்தவரை முதலில் முக்கியமன்று. செய்ய வேண்டியது ஒன்றே. போபால் நச்சுவாயுக் கசிவைத் (1984) தொடர்ந்து 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தான தொழிலகங்கள் தமது ஆபத்துகளைச் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எனவே அபாயச்சங்கின் பொருள், வெளியேறும் வழி, கூடுமிடம் ஆகியவற்றை முன்னரே கேட்டறிவது மக்களின் உரிமையாகும்.

ஐயத்திற்குரிய பொருளைக் கண்டால்

- அதைத் தொடவோ, நகர்த்தவோ, திறக்கவோ கூடாது.
- அருகில் இருப்போரையும் அழைத்துக்கொண்டு விலகிச் செல்ல வேண்டும். அப்பொருளின் அருகில் கைபேசியைப் பயன்படுத்தாமல், தொலைவுக்குச் சென்ற பின்னரே பேச வேண்டும்.
- 112 என்ற அவசர எண்ணுக்கும், தொடருந்தில் எனில் 139-க்கும், கடலோரத்தில் எனில் 1093-க்கும் தகவல் தரலாம். இடம், நேரம், பொருளின் தோற்றம் ஆகியவற்றைத் தெளிவாகக் கூற வேண்டும்.

தாக்குதல் நிகழ்ந்தால்

முதலில் அவ்விடத்தை விட்டு வெளியேற வேண்டும். இயலாவிடில் மறைந்திருக்க வேண்டும். பாதுகாப்பான பின்னர் தகவல் தர வேண்டும். கோயம்புத்தூரில் நிகழ்ந்தது போல அடுத்தடுத்துக் குண்டுகள் வெடிக்கக்கூடும் என்பதால் வேடிக்கை பார்க்கக் கூடுவது ஆபத்தானது. கடுமையான குருதிப்போக்கு உள்ள காயத்தின் மீது தூய துணியை வைத்து, உதவி வரும்வரை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாயு கசிந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வது பொதுவான அறிவுரையாகும்.

ஐயமும் வதந்தியும்

விழிப்புணர்வு என்பது பொருளையும் செயலையும் கவனிப்பதே அன்றி, உடை, மொழி, சமயம் ஆகியவற்றைக் கொண்டு மனிதரை ஐயுறுவது அன்று. பல மாநிலத் தொழிலாளர்கள் வாழும் தொழிற்பகுதிகளில் இவ்வேறுபாடு மிகவும் இன்றியமையாதது. உறுதிசெய்யப்படாத செய்தியைப் பரப்புவது அச்சத்தை வளர்ப்பதோடு, உண்மையான எச்சரிக்கையையும் மக்கள் நம்பாத நிலையை உருவாக்கும்.