தேயிலை வராத நிலம்: மலையகத் தோட்டங்களில் மலக்குழியின் வரலாறு

காப்பிக் காலத்துத் தோட்டங்களில் கழிவுக்கென நிலம் ஒதுக்கும் கேள்வி அவ்வளவாக எழவில்லை. பழம் பறிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் தமிழகம் திரும்பினர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார்; 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆகவே, ஆளும் ஆண்டு முழுவதும் மலையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. லயன்கள் நிரந்தரமாயின, மலசலகூடம் மட்டும் வெகுகாலம் வரவில்லை.

அதை முதலில் பெரிய அளவில் கேள்விக்குள்ளாக்கியது கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழையும் புழு அது. 1916இல் ரொக்பெல்லர் மன்றம் தோட்டங்களில் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து கொடுக்கத் தோட்டத்துரைமார் இசைந்தனர். புழுவால் வரும் இரத்தசோகை குறைந்தால் வேலை கூடும் என்பதே காரணம். மலசலகூடம் கட்டுவதில் அந்த ஆர்வம் இல்லை. விளைவு, மருந்து குடித்தவரையே புழு மீண்டும் பிடித்தது. நோயை அறியாததால் நேர்ந்ததல்ல இது, செலவுக் கணக்கால் நேர்ந்தது.

பின்னர் கட்டப்பட்டவையும் பெரும்பாலும் பொதுக் கூடங்கள்தாம். இடம் குறிக்கையில் மண்ணின் தன்மை அல்ல, தேயிலை வராத துண்டு எது என்பதே பார்க்கப்பட்டது. பாறை மேடும் ஓடைக்கரையும் அப்படித்தான் தெரிவாயின. அதே ஓடையிலிருந்து கீழ்லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வந்தது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தவில் லயன்களை மண்சரிவு மூடியது. அதன்பின் வீட்டு நிலத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்வது முக்கியமாயிற்று. லயத்துக்குப் பதிலாக 7 பேர்ச்சில் தனி வீடு என்ற திட்டமும் பரவியது. 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். வீடு, படிக்கட்டு, மலக்குழித் தொட்டி, உறிஞ்சுகுழி அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

உறிஞ்சுகுழிக்கு மண்ணைச் சோதிக்கும் முறை எளிது. குழி தோண்டி நீரூற்றி மண்ணை நன்றாக ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மட்டம் 25 மில்லிமீற்றர் இறங்க எத்தனை நிமிடமாகிறது என அளப்பார்கள். களியில் நீர் தேங்கும். சரளையில் வடிகட்டப்படாமலே ஓடிவிடும். மலைச்சரிவில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல்மண் மெல்லியதாயின், இறங்கும் கழிவுநீர் அடிப்பாறையில் முட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து கீழ்வீட்டு ஊற்றில் கசியும். தென்மேற்குப் பருவமழையில் ஏற்கெனவே ஊறிய சரிவுக்கு அந்த நீர் கூடுதல் பாரம். ஆதலால் ஒரு வீட்டின் 7 பேர்ச்சை மட்டும் சோதித்தால் போதாது. மேல்வீட்டுக் குழியும் கீழிருக்கும் ஊற்றும் சேர்ந்தே கணக்கில் வர வேண்டும்.

பராமரிப்பின் கதை இன்னும் பின்தங்கியது. தொட்டியில் படியும் சேறு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றப்படாவிட்டால் உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். அதை உறிஞ்சி எடுக்கும் பவுசர் ஏறக்கூடிய பாதை பல தோட்டங்களில் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் நேரடியாகச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை ஆகிய புதிய சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்தது. தோட்டத்துத் தொட்டியை வெறுமையாக்குவதும் இப்போது அந்தச் சபைகள் ஏற்கக்கூடிய வேலையே.